அருங்காட்சியகக் கல்விப் பிரிவில் பயிற்சி: எல்லாக் கூடத்தையும் மனப்பாடம் பண்ணிட்டுப் போகணுமா?

கல்மண்டபம் · ஏப்ரல் 22, மாலை

எம்.ஏ. வரலாறு. மே முதல் வாரம் ஒரு அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவில் எட்டு வாரப் பயிற்சிக்குச் சேர்கிறேன். சீனியர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "கைடு வேலைதான், எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிட்டுப் போயிடு." ஐம்பது பொருளுக்குக் குறிப்பு எடுத்து வைத்திருக்கிறேன், ஆண்டு, அரசர், உயரம், கிடைத்த ஊர் என்று. இது போதுமா?

பழுப்புச்சீட்டு · ஏப்ரல் 22, இரவு

ஐம்பதில் நாற்பத்தேழை மூடி வையுங்கள். மூன்று போதும்.

கணக்கு இதுதான். பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன பள்ளி பதினொன்றே காலுக்கு வரும். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. டிக்கெட், பை வைக்கும் அறை, கழிப்பறை, தலை எண்ணுவது எல்லாம் போக நாற்பது நிமிடம் மிஞ்சும். அதில் கூடத்துக்குக் கூடம் நடக்கவே எட்டு, பத்து நிமிடம் போய்விடும். பத்துப் பத்து நிமிடமாக மூன்று பொருள்தான் தேறும். நான்காவதை நுழைத்தால் நான்குமே கெடும்.

உங்கள் குறிப்புகள் வீண் இல்லை. ஆனால் அவை உங்களுக்கு, பிள்ளைகளுக்கு அல்ல. சொல்லிக்கொண்டே நடப்பது கைடு வேலை. கல்விப் பிரிவின் வேலை நிறுத்திப் பார்க்க வைப்பது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

பழுப்புச்சீட்டு · ஏப்ரல் 23

மூன்று பொருளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று தனிச்செய்தியில் கேட்டிருக்கிறீர்கள். இங்கேயே சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தை வைத்துச் சொன்னால் எல்லாருக்கும் புரியும்.

ஆந்திராவின் அமராவதித் தூபச் சிற்பங்கள் இருக்கும் கூடத்தில் ஒரு வட்டப் பதக்கம், அதாவது கல்லில் செதுக்கிய வட்டச் சிற்பம், இருக்கிறது. நளகிரி என்ற மதம் பிடித்த யானையைப் புத்தர் அடக்கிய காட்சி. கி.பி. 2-ஆம் நூற்றாண்டு, பல்நாடு சுண்ணாம்புக் கல். இடப்பக்கம் யானை ஆட்களைத் தாக்கிக்கொண்டு வருகிறது. வலப்பக்கம் யானை புத்தர் முன்னால் மண்டியிட்டிருக்கிறது. மேலே மாடத்திலிருந்து ஆட்கள் எட்டிப் பார்க்கிறார்கள். பயத்தில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்கிறவர்களும் உண்டு.

பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "எத்தனை யானை?"

"ரெண்டு" என்பார்கள். சரி, தப்பு எதுவும் சொல்லாதீர்கள். "ரெண்டும் என்ன செய்யுது?" என்று மட்டும் கேளுங்கள். ஒன்று முரண்டு பிடிக்கிறது, ஒன்று வணங்குகிறது என்பது வரும். இன்னும் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு நின்றால் கூட்டத்தில் யாராவது ஒரு பிள்ளை, "ரெண்டும் ஒரே யானைதான்" என்று சொல்லிவிடும். அந்தப் பிள்ளை சொல்வதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிட்டால் பாடம் அங்கேயே முடிந்தது.

நல்ல பொருளுக்கு அடையாளம் இதுதான்: லேபிளைப் படிக்காமலே பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி அதில் இருக்க வேண்டும். எவ்வளவு பெருமை வாய்ந்த பொருளாக இருந்தாலும், படித்தால்தான் புரியும் என்றால் அதைப் பெரியவர்களுக்கு விட்டுவிடுங்கள். செப்பேடு அப்படிப்பட்டது. வரலாற்றுக்காரர்களுக்கு உயிர், ஆறாம் வகுப்புக்குத் தகரம்.

மெழுகுக்கட்டி · ஏப்ரல் 23, இரவு

பழுப்புச்சீட்டு சொல்வதில் பாதிதான் சரி. "என்ன நடக்குது? எதைப் பார்த்து அப்படிச் சொல்றே? வேற என்ன தெரியுது?" என்ற மூன்று கேள்வி முறை அமெரிக்காவில் அபிகெயில் ஹவுசனும் பிலிப் யெனவைனும் உருவாக்கியது. யெனவைன் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கல்வித் துறையில் இருந்தவர். ஓவியத்துக்கு அது பொருந்தும், யார் எப்படிப் பார்த்தாலும் குடி முழுகிப் போகாது. வரலாற்றுப் பொருளுக்கு ஒரு சரியான பதில் இருக்கிறது. இறந்தவர்களைப் புதைத்த முதுமக்கள் தாழியைப் பார்த்துப் பிள்ளை "தண்ணித் தொட்டி" என்றால், "நல்லா யோசிச்சே" என்று சொல்லி அனுப்பிவிட முடியுமா?

பழுப்புச்சீட்டு · ஏப்ரல் 24

முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சண்டை தகவல் வேண்டுமா வேண்டாமா என்பதில் இல்லை, எப்போது என்பதில்தான். பத்து நிமிடத்தில் முதல் ஆறு நிமிடம் பார்வை, அடுத்த இரண்டு நிமிடம் தகவல், கடைசி இரண்டு நிமிடம் மறுபடி பார்வை. கடைசி இரண்டைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

தாழி என்றால், "தண்ணித் தொட்டின்னா மூடி எதுக்கு? உள்ளே சின்னச் சின்னப் பானை எதுக்கு?" என்று கேட்கலாம். தப்பான பதிலை அந்தப் பொருளே திருத்தும். அதற்கு அப்புறம் ஆதிச்சநல்லூர் என்று ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள், தொல்லியலாளர் அலெக்ஸாண்டர் ரீ அங்கே தோண்டியதைச் சொல்லுங்கள். அதன் பிறகு, "இப்ப மறுபடியும் பாரு, முன்னாடி தெரியாத ஏதாவது தெரியுதா?"

ஒன்று மட்டும் கவனம். உள்ளே இருந்தது மனிதர்களின் எலும்பு. பிள்ளைகளைச் சிரிக்க வைக்கப் பேய்க்கதை சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த ஐந்து நிமிடச் சிரிப்புக்குப் பின் அந்தக் கூடத்தில் வேறெதுவும் நடத்த முடியாது.

கல்மண்டபம் · ஏப்ரல் 26

முதல் வாரம் என்ன செய்யச் சொல்வார்கள்?

பழுப்புச்சீட்டு · ஏப்ரல் 26

பெரும்பாலும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஒரு நாற்காலி கொடுப்பார்கள். அதில் உட்காராதீர்கள்.

கூடத்துக்குப் போய் முழங்கால் போட்டு உட்காருங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 115 சென்டிமீட்டரில் இருக்கும். அந்த உயரத்திலிருந்து பாருங்கள். நின்றால் தெளிவாகத் தெரிகிற சிலை, அங்கிருந்து பார்த்தால் கண்ணாடியில் விழும் குழல்விளக்கின் வெளிச்சமாகத்தான் தெரியும். லேபிள் தலைக்கு மேலே இருக்கும். நீங்கள் நினைத்து வைத்த மூன்று பொருளில் ஒன்றாவது இந்தச் சோதனையில் அடிபடும்.

அடுத்து, கூடத்துக் காவலர்கள். எந்த மணிக்கு எந்த ஜன்னலில் வெயில் இறங்கும், மழை வந்தால் எந்தப் படி வழுக்கும், பிள்ளைகள் எந்தச் சிலையைத் தொடுவார்கள், எந்தக் கூடத்தில் கூட்டம் அடைத்துக்கொள்ளும், எல்லாம் அவர்களுக்குத் தெரியும். சேகரிப்புக்குப் பொறுப்பான காப்பாட்சியருக்குத் தெரியாததும் தெரியும். பெயர் கேட்டு, "அண்ணே, அக்கா" என்று கூப்பிட்டுப் பழகுங்கள். குழு வரும் நாளில் உங்களுக்கு ஒத்துழைக்கப்போவது அவர்கள்தான்.

எங்கே நிற்பது என்பதையும் இந்த வாரமே முடிவு செய்துவிடுங்கள். ஜன்னல் உங்கள் முகத்துக்கு நேராக இருக்க வேண்டும், பிள்ளைகள் முதுகு ஜன்னல் பக்கம். பொருளுக்கு முன்னால் நிற்காமல் பக்கத்தில் நில்லுங்கள். ஒரு மீட்டர் அகலக் கண்ணாடிப் பேழையை நாற்பது பேர் சுற்றி நின்றால் ஏழெட்டுப் பேருக்குத்தான் தெரியும். முதல் வரிசை தரையில், அடுத்தது முழங்காலில், கடைசி வரிசை நின்றபடி. அப்படியும் இருபதுக்கு மேல் தாங்காது. பாதிப் பேர் பார்க்கட்டும், பாதிப் பேர் எதிர்ச் சுவரில் உள்ளதை வரையட்டும், ஐந்து நிமிடத்தில் மாற்றுங்கள்.

பழுப்புச்சீட்டு · ஏப்ரல் 27

நேற்று எழுதியதில் ஒரு சேர்க்கை. பள்ளிக் குழுவை வைத்தே பேசிக்கொண்டிருக்கிறேன், ஆனால் நீங்கள் சேர்வது மே மாதம். பள்ளிக்கூடமே கிடையாது. வருவது கோடைமுகாம் பிள்ளைகள், ஊரிலிருந்து வந்த குடும்பங்கள். ஒரே குழுவில் ஆறு வயதும் பதினான்கு வயதும் இருக்கும். வகுப்பு வாரியாகத் திட்டம் போட்டால் உடைந்துவிடும். பெரிய பிள்ளை ஒன்று, சிறிய பிள்ளை ஒன்று என்று ஜோடி போடுங்கள். சிறியது பார்த்துச் சொல்லட்டும், பெரியது எழுதட்டும். கோடைமுகாம் பெரும்பாலும் நான்கைந்து நாள் தொடர்ந்து நடக்கும் என்பதால் செய்முறைப் பயிற்சிக்கு இதைவிட நல்ல காலம் இல்லை.

மே 18 பன்னாட்டு அருங்காட்சியக நாள். அன்றைக்கு ஏதாவது கட்டாயம் நடக்கும், நாற்காலி தூக்குகிற வேலையும் உண்டு. எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. திங்கள்கிழமை என்று நினைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை வந்து வாசலில் நிற்பவர்கள் வாராவாரம் உண்டு.

செங்கல்பட்டு_வாத்தியார் · ஏப்ரல் 27, இரவு

பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. ஒர்க்‌ஷீட் என்று நாலு பக்கம் நீட்டாதீர்கள். பிள்ளைகள் சிலையைப் பார்க்காமல் லேபிளைப் பார்த்துக் காப்பி அடித்துக்கொண்டு ஓடுவார்கள். நாங்களும் பின்னாலேயே ஓட வேண்டியிருக்கிறது.

பழுப்புச்சீட்டு · ஏப்ரல் 28

வாத்தியார் சொல்வது நூற்றுக்கு நூறு. ஒர்க்‌ஷீட்டுக்கு என் விதிகள்:

ஒரு ஏ4 தாள், நான்காக மடித்தது. நான்கு கேள்விக்கு மேல் இல்லை. எந்தக் கேள்விக்கும் விடை லேபிளில் இருக்கக் கூடாது. "இது எந்த நூற்றாண்டு?" என்பது காப்பிக் கேள்வி. "இந்த அம்மன் காதில் இருப்பதும் கழுத்தில் இருப்பதும் இப்போது உங்கள் வீட்டில் யாரிடம் இருக்கிறது?" என்பது பார்க்கும் கேள்வி. எழுத்து 14 புள்ளிக்குக் குறையாமல் இருக்கட்டும், கூடத்தில் வெளிச்சம் குறைவு. புகைப்படம் போட்டால் ஜெராக்ஸில் கறுப்புத் திட்டாகிவிடும், கோட்டுப் படம்தான் சரி.

பேனா கூடாது, பென்சில் மட்டும். இது ஒழுங்குக்காகச் சொல்லும் விதி இல்லை. சுண்ணாம்புக் கல் மையை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு எடுக்கவே முடியாது. 2பி பென்சில், நாற்பது பிள்ளைகளுக்கு ஐம்பது, முந்தின சாயங்காலமே சீவி வையுங்கள். கூடத்துக்குள் சீவ விட்டால் தரையெல்லாம் சீவல், பெருக்குபவர் உங்களை மன்னிக்க மாட்டார்.

எழுத அட்டை வாங்கப் பணம் கிடைக்காது. பழைய தினசரி காலண்டர் அட்டைகளைச் சேருங்கள், ஜனவரியில் தெருவெல்லாம் கிடைக்கும். மேலே ஒரு கிளிப், கீழே ஒரு ரப்பர் பேண்டு. முன்பக்கம் முருகன் இருந்தால் பிள்ளைகள் கீழே போட மாட்டார்கள் என்பது கூடுதல் லாபம்.

மெழுகுக்கட்டி · மே 3

மூன்றில் ஒன்று செப்புத்திருமேனியாக, அதாவது வெண்கலச் சாமி சிலையாக, இருக்கட்டும். எல்லாரும் திருவாலங்காட்டு நடராசர் முன்னால் பிள்ளைகளை நிறுத்தித் தத்துவம் சொல்வார்கள். படைத்தல், காத்தல், அழித்தல் என்று. பத்து வயதுக்கு அது காற்று. அந்தச் சிலையில் திருவாசி இல்லை. தீ வட்டம் இல்லாத நடராசர். "என்ன குறையுது?" என்று கேளுங்கள், காலண்டரில் பார்த்த பிள்ளை உடனே சொல்லும். பிறகு உற்சவர் எதையாவது காட்டிப் பீடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். துளை எதற்கு? வளையம் எதற்கு? கட்டித் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போக. கோயில் திருவிழா பார்த்த பிள்ளைக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையே இல்லை.

மதுரைப் பிள்ளைகள் வந்தால் "கால் தப்பு" என்று சண்டைக்கு வருவார்கள். வெள்ளியம்பலத்தில் வலக்கால் தூக்கி ஆடுகிறார், இங்கே இடக்கால். விடுங்கள், சண்டை போடட்டும். அதுதான் பார்ப்பது.

மெழுகுக்கட்டி · மே 4

வார்ப்பு எப்படி என்று யாராவது கேட்பார்கள். சுவாமிமலை முறையைச் சுருக்கமாகச் சொல்லலாம்: தேன்மெழுகோடு குங்கிலியமும் கொஞ்சம் கடலை எண்ணெயும் சேர்த்து உருவம் செய்வார்கள். அதன் மேல் முதலில் மெல்லிய காவிரி வண்டல், பிறகு கனமான மண் அடுக்குகள். சுட்டால் மெழுகு உருகி வெளியேறும். அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைப்பார்கள். "அப்ப அச்சு எங்கே?" என்று ஒரு பிள்ளை கேட்கும். உடைந்துவிட்டது, அதனால்தான் ஒரு சிலை மாதிரி இன்னொன்று இல்லை.

சமையலறைத் தராசு ஒன்று வாங்கி வையுங்கள். மெழுகு உருவத்தை எடை போட்டால் எவ்வளவு உலோகம் தேவை என்று தெரிந்துவிடும், ஒன்பது மடங்குக்குப் பக்கத்தில். மெழுகின் அடர்த்தி கிட்டத்தட்ட 0.96, வெண்கலம் எட்டரைக்கு மேல். ஊற்றும் வாய்க்காலில் தங்குவது தனி. பிள்ளைகள் 10 கிராம் மெழுகில் ஒரு யானை செய்து, அதற்கு 90 கிராம் உலோகம் என்று கணக்குப் போட்டதும், கூடத்தில் இருக்கும் பெரிய சிலையின் எடையை அவர்களே ஊகிக்க ஆரம்பிப்பார்கள். நம் ஊர் திருமேனிகள் உள்ளே கூடில்லாமல் கனமாக வார்த்தவை என்பது அப்போது சொன்னால் ஏறும்.

மே வெயிலில் மெழுகு கையில் ஒட்டும். ஒரு வாளி குளிர்ந்த தண்ணீர், அவ்வப்போது முக்கி எடுக்க வேண்டும்.

பழுப்புச்சீட்டு · மே 4, இரவு

மெழுகுக்கட்டி கணக்கு வாத்தியாராகிவிட்டார். நானும் ஒன்று சேர்க்கிறேன், இதற்குக் காசே வேண்டாம்.

சிற்பிகள் அளவுக்கு ஓலையை மடித்து வைத்துக்கொள்வார்கள், ஒடியோலை. அதற்குப் பதில் காகித நாடா. ஒவ்வொரு பிள்ளையும் தன் முகத்தின் நீளத்துக்கு நாடாவை வெட்டி, தன் உயரம் எத்தனை முகம் என்று அளக்கட்டும், சுவரோரமாக, ஜோடி ஜோடியாக. பெரியவர்களுக்கு ஒன்பதுக்குப் பக்கம் வரும். சிறு பிள்ளைகளுக்குக் குறையும், ஏனென்றால் அவர்கள் முகம் உடம்புக்குப் பெரியது. பிறகு சிலையை அளக்க வேண்டும். கண்ணாடியில் நாடாவை ஒட்டக் கூடாது. கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, நாடாவில் சிலையின் முக நீளத்தைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, கீழே வரை எண்ண வேண்டும்.

இதில் கெடுவது இரண்டு இடம். ஒன்று, முகம் என்றால் நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலிருந்து முகவாய் வரை. பாதிப் பேர் உச்சந்தலையிலிருந்து அளப்பார்கள், எண்ணிக்கை ஏழுக்கு இறங்கிவிடும். சிலையில் கிரீடத்தையும் சேர்த்து அளப்பார்கள். இரண்டு, நடராசரை அளக்கவே கூடாது, கால் மடங்கி இருக்கிறது. நேராக நிற்கும் விஷ்ணுவைக் கொடுங்கள்.

கல்மண்டபம் · மே 9

சேர்ந்துவிட்டேன். பிள்ளைகளின் கேள்விகள்தான் திணற வைக்கின்றன. "இது ஒரிஜினலா, விலை எவ்வளவு, எங்க வயல்ல கிடைச்சா எங்களுக்குத்தானே?"

பழுப்புச்சீட்டு · மே 9

இந்த மூன்றும் தினமும் வரும், பதில் தயாராக இருக்கட்டும்.

ஒரிஜினலா: ஆமாம் என்றால் ஆமாம், நகல் என்றால் நகல். மழுப்பாதீர்கள். நகலைக் காட்டி ஒரிஜினல் என்று நம்பவைத்தால் அடுத்த தடவை எதையும் நம்ப மாட்டார்கள்.

விலை: விற்கும் பொருள் இல்லை என்று சொல்லி நிறுத்தினால் அவர்களுக்கு ஏமாற்றம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனியார் யாரும் பழம்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்பதையும், அதனால் திருடர்கள் என்னென்ன செய்கிறார்கள் என்பதையும் இரண்டு வரியில் சொல்லுங்கள். காது கொடுப்பார்கள்.

வயல்: இது தங்கக் கேள்வி. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் காலத்துப் பத்து ரூபாய்! எழும்பூரில் இருக்கும் செப்புத்திருமேனிகளில் பல இப்படிக் குழி தோண்டும்போது கிடைத்து, அரசு வழியாக வந்தவைதான். அதைச் சொல்லி, "இதையும் யாரோ ஒருத்தர் கடப்பாரை போடும்போதுதான் பார்த்திருக்கார்" என்றால் பிள்ளைகள் சிலையை வேறு மாதிரி பார்ப்பார்கள்.

கூட வரும் பெரியவர்களின் கேள்விதான் சிக்கல். வாட்ஸ்அப்பில் வந்த வரலாறு கையோடு வரும். கீழடி எத்தனை ஆயிரம் வருஷம் என்று கேட்டால் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு நிற்காதீர்கள், யார் எதை வைத்துச் சொன்னார்கள் என்று சேர்த்துச் சொல்லுங்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-ல் வெளியிட்ட அறிக்கை, கரிமக் காலக்கணிப்பின்படி கி.மு. 6-ஆம் நூற்றாண்டு என்கிறது. அவ்வளவுதான். யாராவது சண்டைக்கு வந்தால் "அறிக்கையில் இப்படி இருக்கு சார்" என்று சொல்லி அடுத்த பொருளுக்கு நகருங்கள். பயிற்சிக்கு வந்தவர் கூடத்தில் பட்டிமன்றம் நடத்தக் கூடாது.

செங்கல்பட்டு_வாத்தியார் · மே 10

சாமி கும்பிடும் பிள்ளைகளை என்ன செய்வது? செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார்கள்.

பழுப்புச்சீட்டு · மே 10

கும்பிடட்டும். பூ, குங்குமம், காசு மட்டும் வேண்டாம். பூவில் பூச்சி வரும், குங்குமம் கல்லில் இறங்கும். கழற்றிய செருப்பு நடைவழியில் கிடந்தால் அடுத்த குழு தடுக்கி விழும், ஓரமாக வைக்கச் சொல்லுங்கள்.

மெழுகுக்கட்டி · மே 15

கல்மண்டபம் மே 18-க்குப் பதக்க வார்ப்பு வைக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். களிமண்ணில் அச்சு, அதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். நல்ல யோசனை. அளவு சொல்கிறேன்.

பிள்ளைக்கு 150 முதல் 200 கிராம் களிமண், முப்பது பேருக்கு 6 கிலோ. குயவரிடம் வாங்கினால் கல் இல்லாமல் பிசைந்தே தருவார். ஆறு சென்டிமீட்டர் அகலம், ஒரு சென்டிமீட்டர் கனம் உள்ள பதக்கம் என்றால் ஒரு கிலோ பிளாஸ்டரில் சிந்துவது போக முப்பது தேறும். ஒரு கிலோவுக்கு 650 மில்லி தண்ணீர். தண்ணீரில் பொடியைத் தூவ வேண்டும், பொடியில் தண்ணீரை ஊற்றினால் கட்டி கட்டியாக நிற்கும். தூவி ஒரு நிமிடம் அசையாமல் விட்டு, பிறகு மெதுவாகக் கலக்குங்கள். வேகமாகக் கலக்கினால் காற்றுக் குமிழி, புத்தர் மூக்கில் ஓட்டை. ஒரே தடவையில் முப்பது பேருக்கும் கலக்காதீர்கள், பத்து நிமிடத்தில் இறுகத் தொடங்கும். பத்துப் பேர் பத்துப் பேராக.

இறுகும்போது சூடேறும். பிளாஸ்டரில் கையை முக்கி அச்சு எடுக்கும் யோசனை எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது, தோல் வெந்துவிடும். வாளி பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும். மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும், அட்டைப் பெட்டியில் இறுக விட்டுக் குப்பையில் போடுங்கள். இதெல்லாம் வராந்தாவில், கூடத்துக்குள் ஈரமும் மண்ணும் போகவே கூடாது.

பழுப்புச்சீட்டு · மே 16

பதக்கத்தில் எழுத்து வெட்டப்போகிறார்களா? தமிழியில், அதாவது பழைய தமிழ் எழுத்தில், பெயர் எழுதச் சொன்னால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அச்சில் இடம் வலம் மாறும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் முப்பது பெயரும் கண்ணாடியில் பார்த்தால்தான் சரியாக இருக்கும். ட்ரேசிங் தாளில் எழுதி, தாளைத் திருப்பி வைத்துக் கீறினால் சரியாகிவிடும். கீழடி ஓட்டில் இருக்கும் ‘ஆதன்’ என்ற பெயரை எல்லாரும் முதலில் எழுதிப் பழகட்டும். ஜெனிஃபர்களும் ஷாஜகான்களும் வந்தால்? ‘ஜ’வுக்கு ‘ச’ போட்டுக்கொள்ளலாம், அன்றைக்கும் தமிழில் அப்படித்தான் எழுதியிருப்பார்கள் என்று சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள்.

கல்மண்டபம் · மே 28

தொட்டுப் பார்க்கும் பெட்டி ஒன்று தயாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். உடைந்த பானை ஓடு வைக்கலாமா? கையுறை வேண்டுமா?

பழுப்புச்சீட்டு · மே 28

பதிவெண் போட்ட எதையும் நீங்களாக எடுக்காதீர்கள். பதிவில்லாத ஓடுகள் இருக்கும், காப்பாட்சியரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எத்தனை ஓடு வாங்கினீர்கள், எத்தனை திருப்பினீர்கள் என்று கையெழுத்தும் வேண்டும். பயிற்சி முடியும் வாரத்தில் இந்தத் தாள் ஒன்றுதான் உங்களைக் காப்பாற்றும்.

ஓட்டுக்குப் பருத்திக் கையுறை வேண்டாம், வழுக்கும். கையைக் கழுவி நன்றாகத் துடைத்தால் போதும். உலோகம் என்றால் நைட்ரைல் கையுறை, கைவியர்வையின் உப்பு உலோகத்தை அரிக்கும். சானிடைசர் போட்ட ஈரக் கையோடு எதையும் தொட விடாதீர்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, மடியில் துண்டு விரித்து, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். நின்றுகொண்டு கைமாற்றினால் உடைவது உறுதி.

பெட்டியில் கட்டாயம் வைக்க வேண்டியது கறுப்பு-சிவப்பு ஓடு. உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. "ஏன்?" என்று விட்டுவிடுங்கள். சாயம் என்பார்கள், அடுப்புக் கரி என்பார்கள். சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்ளே காற்றுப் போகாது, அங்கே கறுக்கும், வெளியே சிவக்கும். ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினால் முடிந்தது.

செங்கல்பட்டு_வாத்தியார் · ஜூன் 4

பள்ளி திறக்கும் நேரம் வந்துவிட்டது. பயிற்சிக்கு வருபவர்கள் கவனத்துக்கு: பிள்ளையைத் தனியாக எங்கேயும் அழைத்துப் போகாதீர்கள், கழிப்பறைக்கும் கூட. இரண்டு பிள்ளை, ஒரு ஆசிரியர். முகம் தெரிய போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவது வேண்டவே வேண்டாம், பள்ளி அனுமதி இல்லாமல் கூடாது. ஒரு பிள்ளை வீட்டைப் பற்றி ஏதாவது கலங்கிச் சொன்னால் நீங்களே விசாரணை நடத்தாமல் ஆசிரியரிடமும் உங்கள் பொறுப்பாளரிடமும் அன்றே சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 தெரிந்திருக்கட்டும்.

பழுப்புச்சீட்டு · ஜூன் 11

அறிக்கை எழுதும் கட்டம் வந்திருக்கும். "பிடித்திருந்ததா?" என்று படிவம் கொடுத்து, நூற்றுக்கு நூறு பேர் "ஆம்" என்றார்கள் என்று எழுதாதீர்கள். பஸ்ஸில் ஏறும் பிள்ளை வேறென்ன சொல்லும்? ஒரு சிறு அட்டை கொடுத்து, "வீட்டுக்குப் போய் யாரிடம் எதைச் சொல்வாய்? வரைந்து காட்டு" என்று கேளுங்கள். எந்தப் பொருளை எத்தனை பேர் வரைந்தார்கள் என்று எண்ணினால் எது வேலை செய்தது என்பது தெரியும். பல நேரம் ஜெயிப்பது சிலையாக இருக்காது, மரத்தடி அணிலாக இருக்கும். அதையும் எழுதுங்கள்.

தினக்குறிப்பில் பள்ளி, வகுப்பு, எண்ணிக்கை, வந்த நேரம், போன நேரம், காட்டிய பொருள் என்பதோடு இன்னொரு பத்தி: பிள்ளைகள் கேட்ட கேள்விகள், அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே. அடுத்து வரும் பயிற்சிக்காரருக்கு உங்கள் ஐம்பது குறிப்பை விட அந்தப் பத்திதான் உதவும்.

கல்மண்டபம் · ஜூன் 19

பார்வையற்ற மாணவர்கள் அடுத்த வாரம் வருகிறார்கள். நளகிரிப் பதக்கத்தைத் தொட விட முடியாது. என்ன செய்வது?

மெழுகுக்கட்டி · ஜூன் 19

கனத்த அட்டையில் பதக்கத்தின் முக்கியக் கோடுகளை மட்டும் எடுத்து, ஃபெவிகாலை நுனி மெல்லிய குப்பியில் ஊற்றிக் கோட்டின் மேலேயே இழையுங்கள். காய்ந்தால் விரலுக்குத் தட்டுப்படும். இரண்டு யானை, புத்தர், வாசல், இவை போதும். மாடத்து ஆட்களை விட்டுவிடுங்கள், கோடு நெருங்கினால் விரலுக்கு எதுவும் புரியாது. வட்டத்தின் விளிம்பை இரண்டு கையாலும் சுற்றித் தடவச் சொல்லி, பிறகு இடப்பக்கத்து யானையிலிருந்து தொடங்குங்கள். ஆளுக்கு ஒரு அட்டை இருந்தால்தான் நிதானமாகத் தடவ முடியும்.

பழுப்புச்சீட்டு · ஜூன் 20

ஒரே இழையாக இழுங்கள், விட்டு விட்டு ஊற்றினால் புள்ளி புள்ளியாக நிற்கும், பிரெய்ல் என்று நினைத்துப் படிக்கப் பார்ப்பார்கள். முழுதாகக் காய ஒரு நாள். மழை ஈரம் இருந்தால் இரண்டு நாள் விடுங்கள். மின்விசிறிக்கு நேர்கீழே வைத்து அவசரப்படுத்தினால் மேல்தோல் மட்டும் காய்ந்து, முதல் பிள்ளை தடவும்போதே யானை நசுங்கும்.